ஆனி மாதத்துக் கடல், 1996

"எந்த வருஷம் வேணும் சார்?"

கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுவந்த கேள்வி இதுதான். அளவு, நிறம், வாடகை எல்லாம் அப்புறம். முதல் தடவை வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். சுவரில் மாட்டியிருந்த பட்டியலைக் காட்டுவேன். 2031 மார்கழி, 2012 பங்குனி, 1996 ஆனி. அதிகம் போனது கடைசியில் சொன்னதுதான். எங்கள் காரைக்குப்பத்தில் அந்தக் காலத்தில் ஆனி மாதம் தரை கொதிக்கும்போது கடல் மட்டும் சில்லென்று இருக்குமாம். ஆழத்திலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் அந்த மாதங்களில் மேலே ஏறி வருமாம். எனக்கு நினைவு தெரிவதற்குள் அதுவும் நின்றுபோனது.

இது 2071. இன்று காலை கடல் முப்பத்தொன்பது டிகிரி.

என் தாத்தா காலத்து ஆட்கள் அரை டிராயரோடு போர்டில் ஏறி அலைச்சறுக்கு விளையாடிய கரை இது. ரப்பரில் செய்த கடலுடையெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்கு என்று சிரித்திருக்கிறார்கள். இப்போது கடலுடை இல்லாமல் எங்கள் கடலில் ஒருவரும் கால் வைப்பதில்லை. கம்பெனி தருகிற அந்த உடையின் பெயர் பழங்கடல். அதை இந்தக் கரையில் முதலில் வாடகைக்கு விட்டவன் தர்ஷன் என்கிற நான்.

"இது எப்படிங்க குளிர வைக்குது?" என்று ஒரு வங்கி அதிகாரி கேட்டார்.

"புதினா மிட்டாய் சாப்பிட்டா வாய் ஜில்லுனு இருக்குமே சார், அது மாதிரிதான். வாய்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா அதே சூடுதான் இருக்கும். நாக்கு மட்டும் ஏமாறுது. இது உங்க தோலை ஏமாத்துது. நீங்க எந்த வருஷம் கேக்கறீங்களோ அந்த வருஷத்துத் தண்ணின்னு தோல் நம்பிடும்."

"அப்போ நிஜமாக் குளிராதா?"

"உங்களுக்கு ஜில்லுனு இருந்தாப் போதாதா சார்?"

இந்தக் கடைசி வரியை நானே யோசித்துச் சேர்த்தேன். கம்பெனி அதைப் பாராட்டி எல்லாக் கடைக்காரர்களுக்கும் அனுப்பியது. அந்த வருஷம் எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் அரைமணி நேரம் அலையில் விளையாடிவிட்டு, சிரித்துக்கொண்டே கடைக்கு வந்து, "சூப்பர் அண்ணா, நடுங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு என் காலடியிலேயே சுருண்டு விழுந்தார். உடம்பின் உள்சூடு எவ்வளவு என்று ஒவ்வொரு உடையும் குறித்துக்கொள்ளும். அதைக் கருவியில் மாட்டிப் பார்த்தேன். நாற்பது புள்ளி மூன்று. தோல் குளிர்கிறது என்று நம்பினால் உடம்பு வியர்க்காது, களைக்காது, போதும் என்று சொல்லாது. உள்ளே மட்டும் வெந்துகொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து அவர் பிழைத்துக்கொண்டார். மீன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று கம்பெனி ஒரு தாள் நீட்டியது. கையெழுத்துப் போட்டேன். வேறென்ன சொல்ல, வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. என் மகளின் உடையைக் கருவியில் மாட்டிய அன்றுதான் உறைத்தது.

அவள் பெயர் அஞ்சலாட்சி, கூப்பிடுவது அஞ்சலை. எங்கள் தலைமுறைக்கு ஹர்ஷித், தர்ஷன் என்று வைத்து அலுத்துப்போய், பிள்ளைகளுக்குப் பழைய பெயர்களுக்குத் திரும்பிவிட்டோம். பத்தொன்பது வயது. அலையில் ஏறினால் இந்தக் கரையில் அவளுக்கு ஈடில்லை. கம்பெனி நடத்தும் பெரிய போட்டியின் இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. ஜெயித்தால் தேசிய அணி. அவளுடைய இருபது நிமிஷப் பயிற்சிக்கு உள்சூடு முப்பத்தொன்பது புள்ளி ஏழு என்று காட்டியது. இறுதிச் சுற்று நாற்பத்தைந்து நிமிஷம்.

"பாப்பா, நீ ஐஸ் உடையைப் போட்டுக்கோ" என்றேன். அது முதுகில் பனிக்கட்டிப் பை வைத்துத் தைத்தது. நிஜமாகவே உடம்பைக் குளிர வைக்கும். எடை ஏழு கிலோ.

"அதைப் போட்டுக்கினு நான் போர்டுல எழுந்து நிக்கறதா, மூட்டை மாதிரி உக்கார்றதா?"

"பழங்கடல் ஏமாத்துதும்மா. உள்ள வேவுற, ஒனக்குத் தெரியல."

"எனக்கு ஜில்லுனு இருக்கு. எனக்கு ஜில்லுனு இருந்தாப் போதாதா?" அவள் சிரித்தாள். "நீ சொன்னதுதானேப்பா. சின்ன வயசுலேர்ந்து உங்கடைல உக்காந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம்."

எண்ணைக் காட்டினேன். கருவி பழசு என்றாள். பெங்களூர்க்காரரைச் சொன்னேன். மீன் குழம்பு என்று நான் கையெழுத்துப் போட்டதை நினைவுபடுத்தினாள். என் பேச்சை நம்பாத ஒரே ஆள் என் மகள் என்றால்கூடப் பரவாயில்லை. என் பேச்சை முழுக்க நம்பியவள் அவள். அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி மேலாளர் தண்டபாணியிடம் போனேன். கோயம்புத்தூர்ப் பையன், முப்பது வயது இருக்கும், கோபமே வராது.

"அண்ணா, முப்பத்தாறு டிகிரிக்கு மேல போட்டி நடத்தக்கூடாதுன்னு விதி இருக்குதுங்க. நாங்க அதை மீறவே இல்லைங்க."

"தண்ணி முப்பத்தொம்பது தம்பி."

"அது தண்ணியோட சூடுங்ணா. விதியில உணரப்படும் சூடுன்னு போன வருசமே திருத்திட்டாங்க. உள்ள இறங்கறவங்களுக்கு எப்படித் தெரியுதுங்கறதுதானே முக்கியம்? பாதுகாப்புப் படகுல இருக்கறவங்க தெனமும் கடல்ல எறங்கிப் பாத்துத்தான் எழுதறாங்க. இன்னைக்கு இருபத்தாறுங்க."

"அவங்க இன்னா போட்டுக்கினு எறங்கறாங்க?"

"பழங்கடல்தானுங்க. கம்பெனி சீருடை."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. எனக்கு இளநீர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மீதியிருந்தது ஊர்க் கட்டுப்பாடு ஒன்றுதான். காரைக்குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் ஒருவரும் கடலில் இறங்கக்கூடாது. மீன் போய், வலை போய், ஊரே விடுதி நடத்த ஆரம்பித்த பிறகும் இது போகவில்லை. கரையைக் குத்தகைக்கு எடுத்தபோது கம்பெனியும் இதற்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. எங்கோ அடித்த புயலால் எழும்பிய அலை ஞாயிற்றுக்கிழமையோடு தணிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு நாள் தள்ளிப்போனால் போட்டியே இல்லை.

ஊர்த் தலைவர் ஹர்ஷித் மாமாவுக்கு எழுபத்து நான்கு வயது. கடலுடை போடாமல் தினமும் கணுக்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வருகிற ஒரே மனிதர்.

"கடலே செத்துப்போச்சு மாமா" என்றேன். "அதை ஒரு சாவா வச்சுக்கினு ஞாயித்துக்கெழம கட்டுப்பாடு போடு."

அவர் யோசித்தார். "கடலு ஊர் வரி கட்டுதா?"

"இல்ல."

"அப்ப அது நம்மூரு ஆளு இல்ல. அதுவுமில்லாம அது எட்டூருக்குப் பொதுக் கடலு. நாம மட்டும் எப்பிடிடா சங்கு ஊதறது?"

"அப்ப நான் சாவறேன்."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம காலைல, ஆறு மணிக்கு. சாயங்காலம் டாக்டர் தப்பாச் சொல்லிட்டாருன்னு எழுந்துக்கறேன்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறொரு ஊர்த் தலைவராக இருந்தால் துரத்தியிருப்பார். அவர் தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். சிவந்திருந்தது. "எங்காலு பொய் சொல்லாது. வெந்நீரு மாதிரி கீது. சரி, செத்துப்போ. ஆனா பொய்ச் சாவுக்கு அபராதம் உண்டு, அதை அப்பறம் பேசிக்கலாம்."

என் மனைவி தன்யா இதற்கு இத்தனை சுலபத்தில் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எத்தினி மணிக்கு அழ ஆரம்பிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். அஞ்சலை சனிக்கிழமையே கரையில் இருந்த வீராங்கனைகள் முகாமுக்குப் போய்விட்டாள். செல்பேசிகளை வாங்கி வைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் செய்தி கேட்டதும் வீட்டுக்குத்தான் ஓடிவருவாள். உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி விஷயத்தைச் சொல்லிவிடலாம். இதுதான் திட்டம். இதில் ஓட்டை இருப்பதாக எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலமானேன். நெற்றியில் காசு வைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மாலை போட்டு, பக்கத்து ஊரிலிருந்து வந்த ஐஸ் பெட்டியில் படுக்க வைத்தார்கள். மூச்சுக்காக மூடியின் இடுக்கில் என் செருப்பைச் செருகி, மேலே ஒரு பட்டுத்துணியை விரித்தாள் தன்யா. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. மின்வெட்டு, புழுக்கம், விசிறி என்று ஐம்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவன் நான். அந்தப் பெட்டிக்குள் ஏமாற்றுக் குளிர் இல்லை, நிஜக் குளிர். மாமா ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்வதைக் கேட்டேன். இன்று கடலில் யாரும் இறங்கக்கூடாது என்பதையும் கேட்டேன். அப்பாடா என்றிருந்தது. அப்படியே தூங்கிப்போனேன். பல வருஷமாக அப்படியொரு தூக்கம் தூங்கியதில்லை.

தன்யா மூடியைத் திறந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் முகத்தில் நிஜமாகவே பயம்.

"யோவ், எழுந்திரு. மணி எட்டாவுது."

"பாப்பா வந்துட்டாளா?"

"வரல. ஒனக்காக எல்லாரும் கடலுக்குள்ள போயிட்டாங்கய்யா!"

ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. மீனவர்களுக்கு ஒரு வழக்கம், அலைச்சறுக்குக்காரர்களுக்கு ஒரு வழக்கம். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். அலைச்சறுக்குக்காரர்களில் ஒருவர் செத்தால் எல்லோரும் கடலில் இறங்குவார்கள். போர்டுகளில் நீந்திப் போய், அலைக்கு அப்பால் வட்டமாக உட்கார்ந்து, பூவைப் போட்டு, செத்தவரைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள். என் சிநேகிதர்கள் இரண்டு பேருக்கு நானே அப்படிப் போயிருக்கிறேன். பாதி மீனவன், பாதி அலைச்சறுக்குக்காரன். ஒரு பாதியை வைத்துத் திட்டம் போட்டவன் இன்னொரு பாதியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

கால் கட்டைத் தன்யா அரிவாள்மனையில் அறுத்தாள். மாலையோடு ஓடினேன். டீக்கடையில் நின்றிருந்தவர்களில் ஒருவர், "அண்ணே, எப்போ எடுக்கறாங்க?" என்று என்னிடமே கேட்டுவிட்டு, அப்புறம் கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டார்.

கரையில் ஹர்ஷித் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "மீன் புடிக்கப் போவலைங்க, மரியாத செய்யப் போறோம்னு அந்தக் கம்பெனிப் பையன் சொல்றான்டா. உம் பொண்ணையும் வீட்டுக்கு வுடாம மொத ஆளா எறக்கிட்டான். நான் இன்னா சொல்லித் தடுக்கறது? நீ சாவலன்னா சொல்ல முடியும்?"

மேடையில் தண்டபாணி கண்ணீரோடு ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "தர்ஷன் அண்ணா எங்கீங்க போயிட்டாரு? இந்தக் காத்துல, இந்த அலையிலதானுங்க இருக்காரு." அவரைத் தாண்டித்தான் ஓடினேன்.

அறுபத்திரண்டு பேர் வட்டத்தில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்னைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. இறங்கி ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. நான் நல்லவன் என்று இத்தனை பேர் இத்தனை நேரம் சொல்லுவார்கள் என்று உயிரோடு இருந்தபோது எனக்குத் தெரியாது. கரையில் கிடந்த ஒரு போர்டை எடுத்துக்கொண்டு வெறும் உடம்போடு இறங்கினேன்.

அந்தக் கடலில் உடையில்லாமல் நான் இறங்கிப் பத்து வருஷமாவது இருக்கும். கையை வீச வீச மூச்சு முட்டியது. வெந்நீர் அண்டாவுக்குள் நீந்துவது போலிருந்தது. அலையைத் தாண்டுவதற்குள் முகமெல்லாம் எரிந்தது. எதிரே அவர்கள் எல்லோரும் குளிர்காலத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் போர்டிலேயே கவிழ்ந்து படுத்திருந்தார்கள். துக்கத்தில் படுத்திருப்பதாக மற்றவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

என்னை முதலில் பார்த்தவன் அலறிக்கொண்டு தண்ணீரில் விழுந்தான். அஞ்சலை திரும்பினாள். அவள் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அலறவில்லை. மெதுவாகப் போர்டைத் திருப்பி என் அருகில் வந்தாள். கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். விரல் நுனிவரை மூடிய கையுறை. தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐஸா கீறப்பா" என்றாள். "நீ நெஜமாவே செத்துட்டியா?"

நான் வெந்துகொண்டிருந்தேன். மார்பெல்லாம் சிவந்து, மூச்சிரைத்து, அவள் முன்னால் உயிரோடு இருந்தேன். 1996 ஆனியில் இருந்த அவளுக்கு நான் பிணம் போலக் குளிர்ந்தேன். என் கடையில் நான் விற்றது இதைத்தான். அந்த நிமிஷம் எனக்கு வந்த அழுகையை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

"கையுறையைக் கழட்டு பாப்பா."

"வேணாம்ப்பா."

"கழட்டிட்டுத் தொடு."

மாட்டேன் என்று தலையாட்டினாள். கழற்றிப் பார்த்தும் நான் குளிர்ந்தே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாளாம். பிறகு ஒருநாள் சொன்னாள். கடைசியில் பல்லால் கடித்து இழுத்துக் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"சுடுறப்பா" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தேன். அவள் அழுகை நின்றது. தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படுத்திருந்த இரண்டு பேரைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, மொத்த வட்டத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "எல்லாரும் கையுறையைக் கழட்டுங்க! தண்ணியைத் தொட்டுப் பாருங்க!"

ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். ஒவ்வொருவராக முகம் மாறியது. கரையிலிருந்து தண்டபாணியின் குரல் கேட்டது. "தயவுசெஞ்சு கையுறையைக் கழட்டாதீங்க! வாரண்டி போயிருமுங்க!"

எல்லோரையும் கரை சேர்த்தோம். ஒன்பது பேரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. என் பெண்ணின் உள்சூடு நாற்பது புள்ளி ஒன்று. ஒருவரும் சாகவில்லை. அதை என் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கம்பெனி விசாரணை வைத்தது. ஒன்பது பேரும் மயங்கியதற்குக் காரணம் தண்ணீர் அல்ல, இறந்தவர் திடீரென்று திரும்பி வந்ததால் ஏற்பட்ட அதிர்ச்சி என்று அறிக்கை வந்தது. என் ஏஜென்சியை ரத்து செய்தார்கள். மாமா சொன்னபடி அபராதமும் போட்டார். அஞ்சலை பத்தொன்பது நாள் என்னோடு பேசவில்லை.

இருபதாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "போட்டி போனது பரவாயில்ல. தண்ணி சுட்டதுகூடப் பரவாயில்ல. ரெண்டு மணி நேரம் நீ இல்லாம இருந்தேன். அதை நீ எப்பவும் எனக்குத் திருப்பித் தர முடியாது." அவள் சொன்னது சரி.

மறுநாளிலிருந்து எங்கள் கடையில் ஐஸ் உடை மட்டும்தான். காலையில் அஞ்சலை ஒரு வாளியில் கடல் தண்ணீர் மொண்டு வந்து வாசலில் வைத்தாள். கரைக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, மறித்துக் கையை விடச் சொன்னாள். ஒருமுறை தொட்டுவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள் என்று அவளுக்கு உறுதி. எனக்கும்தான்.

முதலில் வந்தவர் திருப்பூர்க்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். கையை விட்டவர் "ஐயையோ, வெந்நீரு!" என்று உதறினார். அஞ்சலையின் முகம் மலர்ந்தது. அவர் மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தியா? இதுல சும்மா எறங்கினா என்னத்துக்கு ஆகறது? நல்லவேளை, இந்தப் பொண்ணு சொல்லுச்சு." பிறகு எங்களிடம், "ஏனுங்க, பழங்கடல் எந்தக் கடையில கிடைக்கும்? எங்களுக்கு நாலு வேணும்" என்றார்.

பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அன்று பக்கத்துக் கடையில் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

வாரக் கடைசியில் தண்டபாணி நேரில் வந்தார். கரையிலிருக்கும் எல்லாக் கடைகளுக்கும் நீல நிற வாளிகள் கொண்டுவந்திருந்தார். 'முதலில் தொட்டுப் பாருங்கள், பிறகு பழங்கடல் அணியுங்கள்' என்று அச்சிட்டிருந்தது. பழைய மனஸ்தாபமெல்லாம் வேண்டாங்க என்று எங்களுக்கும் ஒன்று கொடுத்தார். தினமும் எல்லா வாளிகளிலும் தண்ணீர் நிரப்ப அஞ்சலைக்கு வேலை தரக் கம்பெனி தயாராக இருப்பதாகவும் சொன்னார். புதிய உடையில் கையுறை தனியாகக் கழலாது, பாதுகாப்பாகத் தைத்துவிட்டோம் என்றும் சொன்னார்.

அஞ்சலை அந்த வாளியை வாங்கினாள். கடை வாசலில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.